சாமி இல்லாதவன்கிட்ட புள்ளையை எப்படி விடுறது?

போன வருசம் மாசி மாசத்துல எங்க சனிக்கிழமை வகுப்புக்கு வர்ற பிள்ளைகளோட தொகை திடீர்னு குறைஞ்சது. ருவான்வெல்லைக்குப் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல, பாவிக்காமக் கிடந்த பழைய பிள்ளைக்காம்பராவுல நாங்க நடத்துற இலவச வகுப்பு அது. கணிதமும் தமிழும் சொல்லிக்கொடுக்கிறோம். 26 பிள்ளைகள் வந்த இடத்துல அந்தச் சனிக்கிழமை 11 பேர்தான் வந்திருந்தாங்க.

காரணம் தெரிய ரெண்டு நாள் ஆச்சு. முந்தின வாரம் எட்டாம் தரத்துப் பிள்ளை ஒன்னு எங்கள்ல ஒருத்தன்கிட்ட, "அண்ணா, நீங்க கோயிலா, சபையா?"னு கேட்டிருக்கு. அவன் யோசிக்காம, "ரெண்டும் இல்ல. எனக்குக் கடவுள் நம்பிக்கை இல்ல"னு சொல்லிட்டான். அன்னிக்குப் பொழுது சாயுறதுக்குள்ள அந்தப் பதில் மேல் லயத்துல இருந்து கீழ் லயத்துக்குப் போயிடுச்சு. அந்தத் தோட்டத்துல கோயில்காரங்களும் சபைக்காரங்களும் ஒலிபெருக்கிச் சண்டையில முகம் பார்த்துப் பேசிக்கிறதே இல்ல. அப்படிப்பட்ட ரெண்டு பக்கமும் இந்த ஒரு விஷயத்துல ஒத்துப்போனாங்க. சாமி இல்லாதவன்கிட்ட புள்ளையை விடக்கூடாது.

பால் வெட்டப் போற மாமி ஒருத்தர் எங்களை நிறுத்தி நேராவே சொன்னாங்க: "தம்பி, நீங்க நல்ல புள்ளைங்கதான். ஆனா சாமிக்குப் பயம் இல்லாதவன் வேற எதுக்குப் பயப்படுவான்?"

எங்களுக்கு அப்போ பதில் வரல. கலைப்பீடத்துல மூனு வருசம் படிச்சும் வரல. எங்களுக்குள்ளேயே நம்பிக்கை உள்ளவங்களும் இருக்கோம், இல்லாதவங்களும் இருக்கோம். ஆகவே இந்தக் கேள்வியை யாரெல்லாம், எங்கெல்லாம் முன்னாடி கேட்டிருக்காங்கன்னு தேடினோம். தேடினப்போ தெரிஞ்சது, இந்தக் கேள்வியை ஆயிரக்கணக்கான சனம் உட்கார்ந்து கேட்ட மேடைகள் நம்ம நாட்டிலேயே இருந்திருக்கு. அதுல ஒன்னு எங்க கேகாலை மாவட்டத்துலேயே.

உடன்விட்ட முதல் பாணந்துறை வரை

இலங்கையில் 1865க்கும் 1873க்கும் இடையில் பௌத்தர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஐந்து பெரிய வாதங்கள் நடந்தன. பத்தேகம, வராகொடை, உடன்விட்ட, கம்பளை, கடைசியாகப் பாணந்துறை. சிங்களத்தில் இவற்றைப் "பஞ்ச மகா வாதய" என்கிறார்கள். மூன்றாவதான உடன்விட்ட வாதம் 1866இல் கேகாலை மாவட்டத்தில் நடந்தது. ஒரு பக்கம் மிகெட்டுவத்தே குணானந்த தேரர். மறுபக்கம் ஹுனுபொல என்ற கிறிஸ்தவப் போதகர். அவர் முன்பு பிக்குவாக இருந்தவர். பள்ளிப் புத்தகத்தில் பாணந்துறையை இரண்டு வரியில் படித்திருக்கிறோம். உடன்விட்டவைப் பற்றி, இதே மாவட்டத்தில் படித்த எங்களுக்கு ஒருவரும் சொன்னதில்லை.

இந்த வாதங்கள் திடீரென்று முளைத்தவை அல்ல. 19ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மிஷனரிமார் கிராமங்களுக்குப் போனபோது, பிக்குகள் பல இடங்களில் தங்கள் பண மடுவங்களையே பிரசங்கம் செய்யக் கொடுத்தார்கள். வந்தவர் பேசட்டும், கேட்போம் என்பது அவர்கள் பழக்கம். மிஷனரிமாருக்கு இந்த மரியாதை விளங்கவில்லை. அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டார்கள். 1849இல் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த டேனியல் கொகர்லி "கிறிஸ்தியானி பிரக்ஞப்தி" என்ற சிங்கள நூலை வெளியிட்டார். கொகர்லி சும்மா ஆள் இல்லை. பாளி மொழியை ஆழமாகக் கற்று, பௌத்த நூல்களை மூலத்திலேயே வாசித்து, அவற்றை வைத்தே பௌத்தத்தை மறுத்தவர். அதற்குப் பிறகுதான் பௌத்தத் தரப்பு விழித்துக்கொண்டது. 1862இல் காலியில் ஒரு அச்சகம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் குணானந்தரின் முயற்சியில் இன்னொரு அச்சகம். துண்டுப்பிரசுரத்துக்குத் துண்டுப்பிரசுரம், புத்தகத்துக்குப் புத்தகம் என்று போய்க் கடைசியில் மேடைக்கு வந்தது.

பாணந்துறை வாதம் 1873 ஆகஸ்ட் 26ஆம், 28ஆம் திகதிகளில் நடந்தது. இரண்டு தரப்பும் முன்கூட்டியே எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டன. காலையில் இரண்டு மணித்தியாலம், பின்னேரம் இரண்டு மணித்தியாலம். ஒருவர் ஒரு மணித்தியாலம் பேச, மற்றவர் ஒரு மணித்தியாலம் பதில் சொல்ல வேண்டும். இதற்கென்று போட்ட கொட்டகையின் ஒரு பாதி கிறிஸ்தவர்களுக்கு, மறுபாதி பௌத்தர்களுக்கு. கிறிஸ்தவர் பக்கத்தைவிடப் பௌத்தர் பக்கம் அதிக அலங்காரமாக இருந்தது என்று அந்தக் காலத்துப் பத்திரிகைச் செய்தி சொல்கிறது. ஆயிரக்கணக்கானோர் வந்திருந்தார்கள். கிறிஸ்தவர் பக்கம் முதலில் எழுந்தவர் டேவிட் டி சில்வா பாதிரியார்; சிறிமான்ன என்ற உபதேசியாரும் அவர்கள் தரப்பில் பேசினார். பௌத்தர் பக்கம் பேசியது குணானந்தர் ஒருவர்தான்.

மாமி கேட்ட கேள்வியை பாதிரியார் கேட்டார்

இதில் எங்களைப் பிடித்து நிறுத்தியது டேவிட் டி சில்வாவின் முதல் பேச்சு. அவர் சொன்னதன் சாரம் இதுதான். பௌத்தம் படைத்தவர் ஒருவர் உண்டு என்று ஏற்பதில்லை. நிலையான ஆன்மா ஒன்று உண்டு என்றும் ஏற்பதில்லை. மனிதன் என்பவன் ஐந்து கந்தங்களின் சேர்க்கை மட்டும். சாகும்போது அவை கலைந்துபோகின்றன. அப்படியென்றால் இந்தப் பிறவியில் பாவம் செய்தவன் வேறு, அடுத்த பிறவியில் தண்டனை அனுபவிப்பவன் வேறு. செய்த ஆளே இல்லாமல் போனால் யார் யாருக்காக நல்லவனாக இருக்க வேண்டும்? மனிதனுக்கும் மிருகத்துக்கும் என்ன வித்தியாசம்?

பாளி மேற்கோள்களை எடுத்துவிட்டால், இது ரப்பர் மலையில் மாமி எங்களிடம் கேட்ட அதே கேள்வி. பயப்பட ஒருவரும் இல்லையென்றால் ஒழுக்கம் எங்கிருந்து வரும்? அந்தக் காலத்து மிஷனரிமார் பௌத்தத்தை "நாத்திகம்" என்று சொன்னதும் இந்த அர்த்தத்தில்தான். அதனால் பாணந்துறை வெறும் பௌத்த–கிறிஸ்தவச் சண்டை மட்டும் இல்லை. கடவுள் இல்லாமல் அறம் நிற்குமா என்ற கேள்வி நம் நாட்டில் பெரிய சனக்கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட இடம் அது.

குணானந்தர் இரண்டு விதமாகப் பதில் சொன்னார். முதலாவது தற்காப்பு. அடுத்த பிறவியில் இருப்பவன் அதே ஆளும் இல்லை, முற்றிலும் வேறு ஆளும் இல்லை. செயலின் விளைவு ஒரு தொடர்ச்சியாகப் போகிறது, அதற்கு நடுவில் ஒரு நீதிபதி தேவையில்லை. இரண்டாவது தாக்குதல். கூட்டத்தைப் பிடித்தது இதுதான். நீங்கள் அறத்தின் ஊற்று என்று சொல்லும் கடவுள் எப்படிப்பட்டவர், உங்கள் புத்தகத்திலேயே பார்ப்போம் என்று பைபிளை எடுத்தார். எல்லாம் தெரிந்தவர் என்றால் மனிதனைப் படைத்ததற்காக ஏன் மனம் வருந்தினார்? எகிப்தில் தன் மக்களின் வீட்டை அடையாளம் காண ஏன் நிலைக்காலில் இரத்தம் பூசச் சொன்னார்? எல்லாம் வல்லவர் கூட இருந்தும் இரும்பு இரதங்கள் வைத்திருந்தவர்களை ஏன் துரத்த முடியவில்லை? யெப்தா தன் மகளைப் பலி கொடுத்தது என்ன ஒழுக்கம்?

இதைவிடக் கூர்மையான ஒரு இடம் உண்டு. ஆங்கில பைபிளில் கடவுள் தன்னைப் பொறாமையுள்ளவர் என்று சொல்லும் இடத்தை, சிங்கள மொழிபெயர்ப்பில் ஒளிர்கிறவர் என்று பொருள்படும் சொல்லைப் போட்டு மறைத்திருக்கிறார்கள் என்று குணானந்தர் சுட்டிக்காட்டினார். ஆங்கிலம் தெரியாத கிராமத்துச் சனத்துக்கு, தங்களிடம் கொடுக்கப்பட்ட புத்தகத்தில் ஒரு சொல் மாறியிருக்கிறது என்று மேடையில் ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? விவாதம் அந்த இடத்திலேயே பாதி முடிந்துவிட்டது.

டேவிட் டி சில்வா படித்தவர், பாளி தெரிந்தவர். ஆனால் அவருடைய நீண்ட பாளி மேற்கோள்கள் கூட்டத்துக்குப் போய்ச் சேரவில்லை. குணானந்தர் கடைவீதிப் பேச்சு தெரிந்தவர். முடிவில் கூட்டம் "சாது, சாது" என்று முழங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை பௌத்தர்கள் வென்ற வாதம் என்றே அது பேசப்படுகிறது.

நாங்களும் முதலில் வாசித்தபோது கைதட்டத்தான் நினைத்தோம். இரண்டாவது தடவை வாசிக்கும்போது சில விஷயங்கள் உறுத்தின.

ஒன்று, டி சில்வாவின் கேள்விக்கு முழுப் பதில் அங்கே வரவில்லை. உன் கடவுள் ஒழுங்காக இல்லை என்று காட்டிவிட்டால், கடவுள் இல்லாமல் ஒழுக்கம் நிற்கும் என்று நிரூபித்ததாக ஆகாது. குணானந்தர் தரப்பிலும் கணக்குப் புத்தகம் ஒன்று இருக்கத்தான் செய்தது. எழுதுகிற கணக்கப்பிள்ளை மட்டும்தான் இல்லை. செய்ததற்கு மறுபிறவியில் விளைவு உண்டு என்ற பயம் அப்படியே இருந்தது. இரண்டு, பகுத்தறிவு ஒரு பக்கம், மூடநம்பிக்கை மறுபக்கம் என்று பிரிக்கவும் முடியாது. மகாமேரு மலை உண்மையில் இருக்கிறதா என்ற வாதம் வந்தபோது, குணானந்தர் நியூட்டனை மறுத்து எழுதப்பட்ட ஒரு ஆங்கில நூலைக் காட்டி மேருவைக் காப்பாற்றப் பார்த்தார். அந்த இடத்தில் பூகோளம் கிறிஸ்தவர் பக்கம்தான் இருந்தது.

மூன்று, அதற்குப் பிறகு நடந்தது. வாதத்தின் ஆங்கில அறிக்கையை அமெரிக்காவில் பீபிள்ஸ் என்பவர் நூலாக வெளியிட்டார். அதன் வழியாக இலங்கையைப் பற்றி அறிந்த கேணல் ஒல்கொட் 1880இல் இங்கே வந்தார். பௌத்த பாடசாலைகள் எழுந்தன. காலனிக்காரனுக்கு முன்னால் தலைகுனிந்திருந்த ஒரு சமூகம் நிமிர்ந்தது. அது நல்லது. ஆனால் 1883 உயிர்த்த ஞாயிறன்று, குணானந்தரின் விகாரை இருந்த அதே கொட்டாஞ்சேனையில் பௌத்த ஊர்வலத்துக்கும் கத்தோலிக்கர்களுக்கும் கைகலப்பு வெடித்து இரத்தம் சிந்தியது. பாணந்துறையில் மணித்தியாலம் பிரித்து, மாறி மாறிப் பேசி முடித்த நாட்டில், பத்தே வருசத்தில் கல்லும் தடியும் பேசின.

அப்போ எங்க ஆட்கள் எங்கே இருந்தாங்க?

இதுதான் எங்களுக்குள்ள ரொம்ப நேரம் ஓடின பேச்சு. 1866இல் உடன்விட்டவில் வாதம் நடக்கிறது. அப்போது எங்கள் முன்னோர் பெரும்பாலும் கண்டிப் பக்கத்துக் கோப்பித் தோட்டங்களில். களனிப் பள்ளத்தாக்கில் தேயிலையும் ரப்பரும் வந்து நாங்கள் இந்தப் பக்கம் இறங்கியது பிறகுதான். அவர்களிடமும் கிறிஸ்தவம் போனது. 1854இல் தொடங்கிய "தமிழ் கூலி மிஷன்" திருநெல்வேலியில் இருந்து தமிழ் உபதேசியார்களைக் கூட்டிவந்து தோட்டம் தோட்டமாக அனுப்பியது. தோட்டத் துரைமார் அதற்குப் பணம் கொடுத்தார்கள்.

வித்தியாசத்தைக் கவனியுங்கள். உடன்விட்டவிலும் பாணந்துறையிலும் பாதிரியாருக்கு எதிரே ஒருவர் எழுந்து நின்றார். அவருக்கு விகாரை இருந்தது, அச்சகம் இருந்தது, பின்னால் ஊர் இருந்தது. லயத்து வாசலில் உபதேசியார் பேசும்போது எதிரே நின்றவர் துரையின் சம்பளத்தில், துரையின் காம்பராவில், கங்காணியின் கடனில் இருந்தவர். பிரசங்கம் துரையின் பணத்தில் நடக்கிறது. அங்கே "ஐயா, உங்க சாமி இரும்பு ரதத்தைக் கண்டு ஏன் பின்வாங்கினார்?" என்று கேட்க யாரால் முடியும்? எங்கள் சனத்துக்குப் பிரசங்கம் கிடைத்தது, விவாதம் கிடைக்கவில்லை. விவாதம் என்பது இரண்டு பக்கமும் எழுந்து நிற்கக் கூடிய இடத்தில்தான் நடக்கும். இதையும் சொல்ல வேண்டும்: அந்த உபதேசியார்களில் பலர்தான் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு முதலில் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அதை நாங்கள் மறக்கவில்லை.

தமிழில் இந்த விவாதம் வேறு இடங்களில் நடந்தது. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர், தான் படித்த வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் பேர்சிவல் பாதிரியாரோடு பைபிள் மொழிபெயர்ப்பில் வேலை செய்துவிட்டு, 1854இல் "சைவதூஷண பரிகாரம்" எழுதி மிஷனரிமாருக்குப் பதில் சொன்னார். ஆனால் நாவலர் காத்தது சைவத்தை மட்டும் இல்லை, சாதி ஒழுங்கையும்தான். அந்த மேடையிலும் எங்களைப் போன்றவர்களுக்குக் கதிரை இல்லை.

கடவுளே இல்லை என்று தமிழில் அச்சிட்டுச் சொன்னவர்கள் சென்னையில் இருந்தார்கள். 1882 முதல் 1888 வரை சென்னை இலௌகிக சங்கத்தார் "தத்துவ விவேசினி" என்ற தமிழ் இதழை நடத்தினார்கள். இந்து ஆசாரம், கிறிஸ்தவம் இரண்டையும் அதில் கேள்வி கேட்டார்கள். அவர்களுக்கு ஆதர்சம் இங்கிலாந்தின் சார்ல்ஸ் பிராட்லா. பிராட்லாவின் கதை மாமியின் கேள்விக்கு ரொம்பக் கிட்ட வருகிறது. கிறிஸ்தவப் போதகர்களோடு மேடை மேடையாக வாதம் செய்த அவர் 1880இல் நோர்தாம்டன் தொகுதியில் நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். ஆனால் கடவுளை நம்பாதவரின் சத்தியப்பிரமாணத்தை எப்படி நம்புவது என்று கேட்டு அவரை உட்கார விடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தெரிவு செய்தார்கள். 1886இல்தான் உட்கார முடிந்தது. 1888இல் கடவுள் பெயர் இல்லாமலும் உறுதிமொழி எடுக்கலாம் என்ற சட்டத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். சாமி இல்லாதவன் வாக்கை நம்பலாமா என்று பிரித்தானிய நாடாளுமன்றமே ஆறு வருசம் குழம்பியிருக்கு. எங்க தோட்டத்து மாமி ரெண்டு கிழமை குழம்பினதுல என்ன தப்பு?

இலங்கைத் தமிழர் மத்தியில் இந்தப் பேச்சு பரவலாக வந்தது 20ஆம் நூற்றாண்டில். 1932இல் பெரியார் ஐரோப்பியப் பயணம் முடித்துத் திரும்பும் வழியில் இலங்கைக்கு வந்து கூட்டங்களில் பேசினார். பிறகு இளஞ்செழியன் போன்றவர்கள் திராவிட இயக்கத்தை மலையகத் தோட்டங்களுக்குள் கொண்டுபோனார்கள். 1962இல் இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகத்தை அரசாங்கம் தடை செய்தது. லயத்து இஸ்தோப்பில் கடவுள் பற்றி எதிர்க் கேள்வி கேட்ட முதல் தலைமுறை இவர்களுடையதுதான் என்று நினைக்கிறோம்.

ஆப்ரகாம் கோவூரையும் விட முடியாது. கேரளாவில் ஒரு சிரியன் கிறிஸ்தவப் போதகரின் மகனாக 1898இல் பிறந்தவர். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் தாவரவியல் படிப்பித்து, பின்னர் கொழும்பில் இருந்து இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தை நடத்தினார். மோசடி இல்லாத நிபந்தனைகளில் அற்புதம் ஒன்றைச் செய்து காட்டுபவருக்கு ஒரு இலட்சம் ரூபா தருவதாகச் சவால் விட்டார். 1978இல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அந்தப் பணத்தை வெல்லவில்லை. எங்களுக்குக் கோவூரைப் பிடிக்கும். ஆனால் அவருடைய சவால் அற்புதத்தைப் பற்றியது. மாமி அற்புதத்தைப் பற்றிக் கேட்கவில்லை. ஆளைப் பற்றிக் கேட்டார்.

1948: ஒரு வானொலி, ஒரு சட்டம்

உலகத்தில் இந்தக் கேள்வி மிக மரியாதையாகப் பேசப்பட்ட இடம் ஒன்று பிபிசி வானொலி. 1948 ஜனவரி 28ஆம் திகதி தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸலும் யேசுசபைக் குரு பிரெடெரிக் கொப்பிள்ஸ்டனும் கடவுள் இருக்கிறாரா என்று விவாதித்தார்கள். ஒழுக்கம் பற்றி வந்தபோது, நல்லது கெட்டதை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்று குரு கேட்டார். நீலத்தையும் மஞ்சளையும் எப்படிப் பிரிக்கிறோமோ அப்படித்தான், உணர்வால் என்பது போல ரஸ்ஸல் சொன்னார். கொப்பிள்ஸ்டன் விடவில்லை. பெல்சன் நாசி முகாமின் தளபதிக்குத் தான் செய்தது சரி என்று பட்டிருந்தால்? ரஸ்ஸலிடம் அதற்கு நேரான பதில் இல்லை என்றுதான் எங்களுக்குத் தோன்றியது. நம்பிக்கை இல்லாத எங்கள் நண்பனும் அதை ஒத்துக்கொண்டான். அதே நேரம், கடவுள் நம்பிக்கை இருந்தால் அந்தத் தளபதி திருந்தியிருப்பான் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. கடவுள் பேரில் சத்தியம் செய்த படைகள் செய்ததும் வரலாற்றில் இருக்கிறது.

அந்த வானொலி விவாதம் நடந்து ஒரு வாரத்தில் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருசம் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலட்சக்கணக்கான தோட்டத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். நாடாளுமன்றத்தில் அதற்குக் கை தூக்கியவர்களில் பௌத்தர், இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் எல்லோரும் இருந்தார்கள். சாமிக்குப் பயந்தவர்கள்தான்.

எதிர்த்து நின்றவர்களில் எங்கள் ஊர் ஆள் ஒருவர் உண்டு: என்.எம். பெரேரா. 1936இல் ருவான்வெல்லைத் தொகுதியில் இருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானவர், லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர். மார்க்சியவாதி, அவர் தத்துவத்தில் கடவுளுக்கு இடமில்லை. அப்படியானவருக்கு 1936இல், விகாரையும் கோயிலும் நிறைந்த ருவான்வெல்லையில் சனம் எப்படி வாக்குப் போட்டது?

பதில் அதற்கு முந்தின வருசத்தில் இருக்கிறது. 1934–35இல் பெரிய மலேரியா வந்தது. நாடு முழுக்க 80,000க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மிக மோசமாக அடிபட்டது எங்கள் கேகாலை மாவட்டம். ஒரு பக்கம் காய்ச்சல், மறுபக்கம் பட்டினி. சூரியமல் இயக்கத்து இளைஞர்களோடு என்.எம். ஊர் ஊராகப் போய்ப் பருப்பும் மருந்தும் கொடுத்தார். சனம் அவருக்குப் "பரிப்பு மஹத்தயா" என்று பேர் வைத்தது. பருப்பு ஐயா. அவர் கோயிலா, பன்சலையா, பள்ளியா என்று காய்ச்சலில் கிடந்தவர் கேட்டிருக்க மாட்டார்.

இங்கே நிறுத்திவிட்டால் கதை எங்களுக்கு வசதியாக முடிந்துவிடும். "பாருங்க மாமி, சாமி இல்லாதவர்தான் பருப்புக் கொடுத்தார்" என்று சொல்லிவிடலாம். ஆனால் நிறுத்த முடியாது. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி அரசாங்கத்தில் சேர்ந்தது. அந்த ஒக்டோபரில்தான் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இங்கே குடியுரிமை, மிச்சப் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம். சனத்தை ஆட்டுமந்தை மாதிரிப் பங்கு பிரித்த ஒப்பந்தம். ஒருத்தரையும் கேட்கவில்லை. 1972இல் பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த அரசியலமைப்பை முன்னெடுத்த அமைச்சர் கொல்வின் ஆர். டி சில்வாவும் அதே கட்சி. 1948இல் நிமிர்ந்து நின்ற கடவுள் மறுப்பு, பதவிக்கு வந்தபின் நாற்காலியில் ஒழுங்காக உட்கார்ந்துகொண்டது.

அதே 1972இல், கண்டியில் போல் கஸ்பர்ஸ் என்ற யேசுசபைக் குரு "சத்தியோதயம்" என்ற அமைப்பைத் தொடங்கினார். தோட்ட மக்களின் உரிமைக்காகப் பல வருசம் பேசினார், எழுதினார். அவருக்குக் கடவுள் இருந்தார். கடவுள் இருந்ததால்தான் இதைச் செய்கிறேன் என்றும் நம்பியவர்.

நாங்க மாமிக்குச் சொன்னது

இவ்வளவையும் வாசிச்சப்புறம் எங்களுக்கு ஒன்னு தெளிவாச்சு. சாமி இருக்கு என்றவரும் எங்களைக் கைவிட்டிருக்கார், இல்லை என்றவரும் கைவிட்டிருக்கார். ரெண்டு பக்கத்துலயும் கூட நின்றவங்களும் இருக்காங்க. அப்போ எது வித்தியாசம்? எங்களுக்குத் தோன்றியது இது: யாருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது என்பதுதான். மலேரியாக் காலத்தில் என்.எம். காய்ச்சல்காரர் வீட்டு வாசலில் நின்றார். 1964இல் ஒப்பந்தம் எழுதியவர்கள் நாடற்றவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எங்கள் சனத்தின் வாக்கைத்தான் அதற்கு முன்னாடியே பறித்தாச்சே. பாணந்துறையில் ஒரு பாதிரியாரும் ஒரு பிக்குவும் தங்கள் புத்தகத்துக்குக் கணக்குச் சொன்னார்கள், எதிரே ஒருவர் கேட்டதால். லயத்து வாசலில் அந்தக் கேள்வி கேட்க ஆள் இல்லை.

இதனால் சாமிக்குப் பயப்படுவது வேண்டாத வேலை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. எங்களில் பாதிப் பேர் தைப்பூசத்துக்குக் காவடிக்குப் பின்னால் போகிறவர்கள். ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை சபையில் பாடுகிறாள். சாமிக்குக் கணக்குச் சொல்கிறவர் சொல்லட்டும். ஆனால் வகுப்புக்கு வருகிற பிள்ளையின் அம்மாவுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். எங்க பிழை அங்கேதான் இருந்தது. ஒன்றரை வருசமா வகுப்பு நடத்தினோம், ஒரு தடவைகூட அம்மாமாரைக் கூப்பிட்டு என்ன படிப்பிக்கிறோம்னு காட்டல. இலவசமாக் கொடுக்கிறோம், கேள்வி கேட்க மாட்டாங்கன்னு நினைச்சுட்டோம். யோசிச்சுப் பார்த்தா, லயத்து வாசல்ல நின்ன உபதேசியாரும் இப்படித்தான் நினைச்சிருப்பார்.

பங்குனி மாசம் மேல் லயமும் கீழ் லயமும் ஏறி இறங்கினோம். வாதம் செய்யல. மூனு விஷயம் மட்டும் சொன்னோம். வகுப்பு நடக்கும்போது கதவு திறந்தே இருக்கும். ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு அம்மாவோ அப்பாவோ வந்து பின்னால உட்காரலாம். சாமி இருக்கு, இல்லைன்னு எந்தப் பக்கமும் நாங்க பிள்ளைகளுக்குப் படிப்பிக்க மாட்டோம். ஆனா பிள்ளை கேட்டா, பொய் சொல்லவும் மாட்டோம். கடைசி வரிக்குச் சிலர் முகம் சுளிச்சாங்க. ஒருத்தர் நேராவே, "அப்போ என் புள்ளை வராது"ன்னார். அது அவர் உரிமை. அவர் மகன் இன்னும் வரல.

இப்போ 19 பேர் வர்றாங்க. அந்த மாமிதான் முதல் ஆளா வந்து பின்னால உட்கார்ந்தாங்க. நம்பிக்கை இல்லாத எங்க நண்பன்தான் அன்னிக்குப் பின்னம் படிப்பிச்சான். விடியக்காலையில எழும்பிப் பால் வெட்டப் போன உடம்பு. கால் மணித்தியாலத்துல மாமி சுவத்துல சாய்ஞ்சு தூங்கிட்டாங்க. வகுப்பு முடிஞ்சு எழுப்பினப்போ அவன்கிட்ட ஒன்னே ஒன்னுதான் கேட்டாங்க: "அடுத்த சனியும் நீதானே வருவ?"